மணிமேகலை மேடத்தின் முறை

கொடைக்கானல்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தாவுக்கு ஹபீபாவின் ஸலாம். கால் வீக்கம் வத்திருச்சா? அம்மா வெயில்ல கடைக்கு நடக்காம இருக்காங்களா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

எங்க பாலர் பள்ளியைப் பெத்தவங்களே சேர்ந்து நடத்துறாங்கன்னு சொன்னேன்ல? தினமும் ஒரு அம்மாவோ அப்பாவோ முறை வச்சு வந்து எனக்கு ஒத்தாசை பண்ணணும். லாட்ஜ்காரர் சம்சாரம் மணிமேகலை மேடம் தன் முறைக்கெல்லாம் வேலைக்காரப் பொண்ணை அனுப்பிட்டு, போன மீட்டிங்ல எல்லார் முன்னாடியும், "சின்னப் பிள்ளைகளோட விளையாடுறதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் "இனிமே பெத்தவங்களேதான் முறைக்கு வரணும், ஆள் அனுப்பக் கூடாது"ன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் கை தூக்கிட்டாங்க. அவங்களும் வேற வழியில்லாம தூக்கினாங்க.

நேத்து அவங்க முறை. "விளையாட்டுத்தானே, நீங்களே பாருங்க மேடம்"னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்துட்டேன். யாரும் விழுந்து அடிபடாம பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான். ஒரு பையன் அவங்க பட்டுச் சேலையில மூக்கைத் துடைச்சான். இன்னொருத்தி மடியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டா. அவங்க கத்தின கத்தல்ல அவங்க மகனே ஓடிவந்து என் துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், அம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னான். "முறைன்னா முறைதான் கண்ணு"ன்னேன், அவங்க காதுல விழுற மாதிரி.

அம்மாகிட்ட நார்த்தங்கா ஊறுகாய் கொடுத்துவிடச் சொல்லுங்க. போத்திக்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணும் வேணும், துவைக்காதது. போன்ல பேசினா வீட்டு நெனப்பைக் குரல் காட்டிக் கொடுத்துரும்னுதான் எழுதுறேன்.

தபால் எடுக்குற நேரமாச்சு. அடுத்த மாசம் மறுபடி மேடத்தோட முறை வருது. அன்னிக்குப் பிள்ளைங்க கையில பெயின்ட் கொடுக்கப் போறேன்.

உங்க மகள்,
உம்மு ஹபீபா