அப்பாவிடம் நீயே சொல்

துன், சுவிஸ்,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கீர்த்தனனுக்கு,

இங்கே நான் நல்ல சுகம். அப்பாவும் சுகம்தான், இடது முழங்கையிலும் தொடையிலும் தோல் இல்லாததைத் தவிர. நீயும் டொரொண்டோவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், நம்பாவிட்டால் எனக்குத்தான் நித்திரை வராது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், அம்மாவின் கோபம் அணில் கத்துவது போல இருக்கும், அதனால்தான் கடிதம். உன் செய்தி கிடைத்தது. ஜூன் மாதம் இங்கே வந்து அப்பாவோடு சேர்ந்து ட்ரையத்லன் போட்டியில் நீந்துவேன், சைக்கிள் ஓடுவேன், பிறகு காலாலும் ஓடுவேன் என்று சொன்ன வீரருக்கு இப்போது லீவு இல்லையாம், வரவில்லையாம், அதை நான் அப்பாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பதில் பிறகு, முதலில் இங்கே நடக்கிற கூத்தைக் கேள்.

குளிர் முழுக்கக் கீழே நிலவறைக் கெல்லரில் இரும்புத் தாங்கியில் பூட்டின சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தவருக்கு, போன கிழமை வெயிலைக் கண்டதும் தலைகால் தெரியவில்லை. இவ்வளவு நாளும் விழாமல் இருந்தது தாங்கியின் புண்ணியம் என்பதையும் மறந்துபோனார். வெளியே முதல் ஓட்டம், சும்மா போகலாமோ, கார் வாங்கினபோது செய்த மாதிரி எல்லாம் செய்ய வேண்டும் என்று நின்றார். சந்தனம், குங்குமம் வைத்து, முன் சில்லுக்கு ஒன்று பின் சில்லுக்கு ஒன்று என்று தேசிக்காயும் வைத்தார். கார் ஏறினால் தேசிக்காய் நசியும், இந்தச் சில்லோ இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதோடு சப்பாத்தைப் பெடலில் பூட்டிக்கொள்ளுகிற ஸ்டைல் வேறு. தேசிக்காய் உருண்டது, சைக்கிள் சரிந்தது, கொப்பர் காலைக் கழற்ற முடியாமல் சைக்கிளும் தானுமாக ஒரே துண்டாகச் சாய்ந்தார். கிடந்தபடியே, இஞ்சரும், பாத்துக்கொண்டு நிக்காமல் காலைக் கழட்டிவிடும் என்று எனக்குக் கத்தல். கற்பூரத் தட்டோடு நின்ற நான் எந்தக் கையால் கழற்றுவது? மேல்வீட்டுச் சுவிஸ் மனுசி ஓடிவந்தாள், அடிபட்டதோ என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன், வாசலில் நெருப்புக் கொளுத்த அனுமதி இருக்கிறதோ என்று கேட்டாள்.

அடுத்தது ஏரி. நீச்சல் குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருந்தது, பார்த்துக்கொண்டு நேராகப் போனார், ஏரிக்கு ஒருவரும் கோடு கீறி வைக்கவில்லை. அந்த ரப்பர் உடுப்புக்குள் அவரைத் திணித்து முதுகு ஜிப்பை இழுப்பதற்குள் என்னுடைய ட்ரையத்லன் முடிந்துவிட்டது. கரையோடு நீந்துகிறேன் என்று இறங்கியவர் வளைந்து வளைந்து போய், தான் சமைக்கிற ஹோட்டலின் படிக்கட்டிலேயே ஏறினார். வெயிலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவே சொட்டச் சொட்ட நின்று முதலாளிக்குக் கைகாட்டினாராம். வீட்டுக்கு வந்தபோது உதடு நீலம், பல் கிடுகிடு என்று அடிக்கிறது, அதோடு தண்ணி நல்ல இதம், தம்பிக்குப் பிடிக்கும் என்கிறார். இந்த வயதில் இது தேவையோ என்று ஏசினேன். அவன் வாறான், நான் பின்னாலை இழுபட்டால் அவனுக்கெல்லோ வெட்கம் என்றார். உன் செய்தி அப்போதே என் போனில் கிடந்தது, நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

தம்பி, நீ வீட்டை விட்டுப் போன நாள் தொடக்கம், நீ போன் எடுத்தால் சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு, இந்தா அம்மாவோடை கதை என்று என் கையில் திணிக்கிற மனிதர் அவர். நீ மட்டும் என்ன குறைவோ, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அப்பா என்ன செய்யிறார் என்று என்னைக் கேட்பாய். அவருடைய கோபத்துக்குச் சீனி போட்டு உனக்குச் சொன்னேன், உன்னுடைய சாட்டுகளுக்கு நியாயம் தேடி அவருக்குச் சொன்னேன். இந்தக் குளிரில்தான் அது மாறியது. சனிக்கிழமைகளில் அவர் கெல்லரிலும் நீ உன் பேஸ்மென்டிலும் ஆளை ஆள் திரையில் பார்த்து மிதித்துக்கொண்டே கதைத்தீர்கள், பக்கத்து அறையில் உடுப்புத் தோய்த்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கியர், இதயத்துடிப்பு என்றுதான் கதை. பிறகு ஒருநாள், வேலை போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு அப்பா என்றாய். எனக்கும் இஞ்சை வந்த புதிசிலை ஒவ்வொரு நாளும் பயம்தான், கொம்மாவுக்குச் சொல்லயில்லை என்றார். ஓம், எனக்குச் சொல்லவில்லை. உடுப்பெல்லாம் மடித்த பிறகும் மேலே வர மனமில்லாமல் நின்றேன். பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது சைக்கிள் வெளியே போய்விட்டது, கெல்லரில் கதையும் இல்லை. நீ வராததை நான் சொன்னால் அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ரப்பர் உடுப்பை மடித்து அலுமாரிக்குள் வைப்பார், நீயும் தப்பினேன் என்று இருப்பாய், பிறகு ஆயுசுக்கும் இரண்டு பேருக்கும் இடையில் சாப்பிட்டியோதான் மிஞ்சும். அதற்கு நான் ஆள் இல்லை. பயத்தில் லீவு கேட்கவில்லை என்றால் அதையும் அவருக்கே சொல், என்னைவிட அவருக்கு அது நன்றாக விளங்கும்.

முருகன் உன்னை நோய்நொடி இல்லாமலும் கொஞ்சம் ரோசத்தோடும் வைத்திருக்கட்டும். விற்றமின் டி குளிசையை மறக்காதே. சனிக்கிழமை பின்னேரம் அப்பா வீட்டில்தான் இருப்பார், எடு. சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டுப் போனை என் பக்கம் நீட்டுவார். நான் வாங்கமாட்டேன்.

உன்மேல் கோபமும் அதைவிட அன்பும் உள்ள,
அம்மா