பிஜூவை ஏன் என்னிடம் விட்டுப் போனாய், அக்கா?

என் அன்புக்கும், இப்போதைக்குக் கொஞ்சம் கூடுதலாக என் கோபத்துக்கும் உரிய ரெஜினாக்கா,

உன் நாய் நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்திருந்தால் நீ முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிஜூவ நீ வச்சுக்க கலா" என்றாயே, அன்றைக்கு நான் தலையாட்டியது உனக்காக. நாய்க்காக இல்லை. எனக்கு நாய் என்றாலே ஆகாது என்பது, இருபது வருஷம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரியாதா?

உன் மகன் பிரான்சிலிருந்து வந்தான். அடக்கம் முடிந்து பத்து நாளில் குருசுக்குப்பத்தில் உன் வீட்டைப் பூட்டினான். நாயையும் அதன் அலுமினியத் தட்டையும் உப்பளத்தில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டான்.

பிஜூ என்றால் பிரெஞ்சில் நகை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். ஒரு காது கிழிந்து, முதுகில் முடி கொட்டிப்போன செம்பட்டை நாய்க்கு நகை என்று பேர் வைக்க ஒரு பிரெஞ்சு டீச்சரால்தான் முடியும். போகட்டும். ஆனால் அதற்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பதை மட்டும் நீ ஏன் சொல்லவில்லை?

நான் முட்டைகூடத் தொடாதவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெரிய மார்க்கெட் மீன்கடைப் பக்கம் போய் நிற்கிறேன். அங்கே ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் காரப்பொடி மீனை அள்ளிப் பையில் போட்டுவிடும். "இன்னா டீச்சர், இன்னிக்கும் நாய்க்குத்தானா? நீயும் ஒரு நாளு தின்னு பாரும்மா. மூஞ்சி வெளுத்துப்போய் கெடக்குது." அந்தப் பையோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அது ஒன்றுதான் லாபம்.

விடிவதற்குள் உன் நாய் எழுப்பிவிடும். நடை கூட்டிப்போக வேண்டும். திரும்பி வந்து மீனை வேகவைத்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, எனக்கு இரண்டு இட்லி வைத்துக்கொண்டு ஓடினால் பிரேயர் மணி அடித்திருக்கும். பாடத்திட்டம் மாறியதிலிருந்து எல்லாமே செல்போனில்தான். வருகைப் பதிவு செல்போனில், மதிப்பெண் செல்போனில், எந்தப் பிள்ளை மதியம் சாப்பிட்டது என்பதும் செல்போனில். பாடம் நடத்த எந்த நேரம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டைத் தரையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். வந்து பார்த்தால் உன் நகை அதன் மேல் காலைத் தூக்கி நின்றுகொண்டிருக்கிறது. முப்பத்தெட்டு தாளையும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மறுநாள் கொடுத்தபோது ஒரு பெண் தாளை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இதெல்லாம் போகட்டும் அக்கா. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, பயப்படாதே. ஆனால் மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எடுத்துவிட வேண்டியதுதான், நாலைந்து நாள் ஆஸ்பத்திரி, ஒன்றரை மாசம் ஓய்வு என்றார். சரி என்று வந்துவிட்டேன். வந்தபிறகுதான் யோசித்தேன்: நாயை யார் பார்த்துக்கொள்வது?

வில்லியனூரில் இருக்கும் என் தம்பியைக் கேட்டேன். அவன் பெண்டாட்டிக்கு நாய் என்றால் பயமாம். காசு வாங்கிக்கொண்டு நாய் வைத்துப் பார்க்கும் ஒரு இடத்தில் வெள்ளோட்டமாக ஒரு நாள் விட்டேன். சாயங்காலமே போன் வந்தது: "மேடம், ஒரு பருக்கை திங்கல. எங்க பையன் கையக் கடிச்சிடுச்சு. தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடுங்க." ஆபரேஷனை முதலில் பரீட்சைக்காகத் தள்ளிவைத்தேன். அப்புறம் பாடம் முடியவில்லை என்று தள்ளிவைத்தேன். மூன்றாவது தடவை நாய்க்காகவே தள்ளிவைத்தேன். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, சொந்தத்தில் கல்யாணம் என்று பொய் சொன்னேன்.

மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தவள் நீ. அதற்காக உன்னை எவ்வளவு திட்டினேன். இப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், பார்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, மூன்றாவது பீரியடில், ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதுவரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது என் தலை யாருடைய மடியிலோ இருந்தது. "கலா, கண்ணத் தொற. இங்க பாரு. தண்ணி குடி." அடுத்த வகுப்பிலிருந்து ஓடி வந்திருந்த சுசீலா டீச்சர்.

ஆமாம் அக்கா, சுசீலா டீச்சர்தான். நீ பிற்பகல் கடைசி பீரியடுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போகிறாய் என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடிதாசி போட்டதாக நீ நம்பிய அதே சுசீலா. படுத்த படுக்கையாக இருந்த உன் அம்மாவைப் பார்க்கத்தான் போனாய் என்று கடிதாசியில் யாரும் எழுதவில்லை. உன்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். நீ அங்கே போன இரண்டாவது மாசம் அம்மா போய்விட்டார்கள். நீ பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுபடி நம் பள்ளிக்கே மாற்றலாகி வந்தபிறகு நீ சுசீலா டீச்சரோடு பேசவில்லை. "நீயும் பேசக் கூடாது கலா" என்றாய். நான் பேசவில்லை. பதினொரு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே தண்ணீர்ப்பானை. அவங்க மகள் கல்யாணப் பத்திரிகையை என் மேசையில் வைத்தபோது நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீ போன பிறகும் அதை விடாமல் காப்பாற்றினேன். உனக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் அவங்கதான் என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாங்க.

"வீட்ல யாரு இருக்கா?"

"நாய்."

"நாயத் தவிர?"

வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறது என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா, "மாத்திரையப் போட்டே சமாளிச்சிடலாம்னு பாத்தீங்களா? நீங்கல்லாம் பிள்ளைங்களுக்கு சயின்ஸ் சொல்லித்தர்றீங்க" என்றார். இனித் தள்ளிப்போட முடியாது, அடுத்த வாரமே ஆபரேஷன் என்று முடிவாயிற்று. சுசீலா டீச்சர் என் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, "துணி எடுத்துட்டு வர்றேன். நாய்க்கும் எதாவது போட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினாங்க. கடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டாங்க.

திரும்பி வந்தபோது கையில் கட்டு இல்லை, கடி இல்லை. "சாப்புட்டுச்சு" என்றாங்க.

"கடிக்கலையா?"

"என்ன எதுக்குக் கடிக்குது? அதுக்குத்தான் என்னத் தெரியுமே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "அப்போ ரெஜினா உங்கிட்ட சொல்லவேயில்லையா?"

இல்லை. நீ சொல்லவேயில்லை.

கடைசி மூன்று மாசம் புதன்கிழமை தோறும் அவங்க குருசுக்குப்பத்துக்கு வந்திருக்கிறாங்க. நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று தெரிந்து நீதான் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறாய். நம் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்டவள் ஆயிற்றே, இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாமல் எங்களுக்கும் போட்டுவிட்டாய். உன் காலை அவங்க பிடித்துவிட்டிருக்கிறாங்க. நீ சிரித்திருக்கிறாய். மறுநாள் அதே ஸ்டாஃப் ரூமில் நான் அவங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் கடிதாசிய நான்தான் எழுதினேன் கலா" என்றாங்க. "அவ பாதியில கெளம்பிப் போனதும் அவ கிளாஸ நான்தான் பாக்கணும். ஒரு வருஷம் தெனமும் பாத்தேன். எம்பொண்ணு அப்ப ஆறாவது, கூட்டிட்டு வர ஆளில்லாம அது ஸ்கூல் கேட்டுலயே ஒக்காந்திருக்கும். எச்.எம்.கிட்ட சொன்னேன், கேக்கல. ரெஜினாகிட்டயே சொன்னேன், சிரிச்சிட்டுப் போயிட்டா. கோவத்துல எழுதிட்டேன். பேர் போடாம எழுதினது தப்பு. அவங்கம்மா அப்படி ஆகும்னு நெனைக்கல. அவ காலப் புடிச்சுதான் மன்னிப்பு கேட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஏன் இத்தன வருஷம் லேட்டுன்னு கேட்டா. அப்புறம் காபி போடச் சொன்னா."

அதைக் கேட்டதும் எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கையில் ஊசி இல்லாதிருந்தால் எழுந்து நடந்திருப்பேன். உன் சண்டையை நீ தீர்த்துக்கொண்டு போய்விட்டாய். அது தெரியாமல் நான் ஒருத்தி உனக்காக ஒன்றரை வருஷம் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கும் அவங்களுக்கும் என்ன பகை? எனக்கு ஒரு பகையும் இல்லையே. ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?

அதையும் அவங்களிடமே கேட்டேன். "உங்கிட்ட சொல்ல வெக்கமா இருக்குன்னா. 'அந்தப் பொண்ணையும் சேத்து பதினோரு வருஷம் பேசவிடாமப் பண்ணிட்டேன், இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது'ன்னா. சொல்றேன் சொல்றேன்னுதான் இருந்தா. அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா."

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாயை அவங்களே கேட்டாங்களாம். அவங்க வீட்டில் தோட்டம் இருக்கிறது, கணவர் ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார், நாய் வளர்த்த பழக்கம் இருக்கிறது. நீ தரமாட்டேன் என்றாயாம். "அது கலாவுக்கு. ஸ்கூல் விட்டுப் போனா அவளுக்குப் பேச ஒரு ஆளு இல்ல" என்றாயாம்.

உன்னிடம் வந்து எனக்குப் பேச ஆள் இல்லை என்று நான் சொன்னேனா, அக்கா? என் அம்மா போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க நான் பழகிக்கொண்டேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு எது நல்லது என்று நீ எப்படி முடிவு பண்ணலாம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிஜூவை சுசீலா டீச்சர் முத்தியால்பேட்டைக்குக் கூட்டிப்போனாங்க. வீடு திரும்பி முதல் மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மீன் வாடை இல்லை, குரைப்பு இல்லை. நான்காம் நாள் காலையில் போன் பண்ணினேன், சாப்பிடுகிறதா என்று கேட்க. "நல்லா சாப்புடுது. கடலுக்கு யாரும் போகலையாம், மீனில்ல. ரசஞ்சோறு போட்டேன். தட்ட நக்கிடுச்சு."

ரசஞ்சோறு. நான் மீன்கடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களையெல்லாம் நினைத்தேன். தையல் இழுத்து வலிக்கும் வரைக்கும் சிரித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. நீ போன அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை.

ஓய்வு முடிந்து நாயைத் திரும்பக் கூட்டிவரப் போனேன். "இங்கயே இருக்கட்டுமே, உனக்குக் கஷ்டம்தானே" என்றாங்க சுசீலா டீச்சர். நியாயமான பேச்சு. சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால், "இல்ல டீச்சர், நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அப்பப்ப வந்து பாத்துக்கங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. நீ சொன்னது சரியென்று ஆகிவிடும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டேன். மதியம் சுசீலா டீச்சரும் நானும் சேர்ந்து சாப்பிடுகிறோம். பேச்சு முழுக்க உன் குறைகள்தான். இரண்டு பேரிடமும் நிறைய இருப்பு இருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாருக்காகவும் யாரிடமும் பேசாமல் இருக்க மாட்டேன். கோபம் வந்தால் அவரவர் உயிரோடு இருக்கும்போதே நேரில் போய்ச் சண்டை போடுவேன். வலி என்றால் வலி என்று சொல்வேன். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம், மழை பெய்தாலும் வருவோம். உன்னைத் திட்ட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அழாமல் திட்டி முடிக்கப் பார்க்கிறேன்.

ஒரே ஸ்டாஃப் ரூமில் உனக்கு வாய்த்த தங்கச்சி,
கலா