நானா பாஃபோவின் இடது காலை அகற்றும் முன் இரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கக் கோருதல்

அனுப்புநர்:
எஃபியா அம்போன்சா,
லாரி நிறுத்தம் பின்புறம்,
அசுவோசோ, கானா.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார இயக்குநர் அவர்கள்,
அசுவோசோ.

பொருள்: சர்க்கரை நோயாளி நானா பாஃபோ அக்யாவ் (வயது 58) – வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு முன் ஸ்கேன் எடுக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா,

எங்கள் ஊர்த் தலைவரும் என் தாய்மாமனுமான நானா பாஃபோவின் இடது கால், முழங்காலுக்குக் கீழே, வரும் வியாழன் 16ஆம் தேதி காலை அகற்றப்படும் என்று மருத்துவமனையின் அறுவைப் பிரிவுத் தலைமைச் செவிலியர் இன்று காலை தெரிவித்தார். அதே காலில் இரத்த ஓட்டம் எதுவரை செல்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், 20ஆம் தேதி திங்கட்கிழமைக்குத் தரப்பட்டுள்ளது. கால் போன பிறகு ஸ்கேன். இதைச் சரிசெய்யவே இம்மனு.

1. நானாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இடது பாதத்தின் இரண்டு விரல்கள் காய்ந்து கறுத்துவிட்டன. சீழோ காய்ச்சலோ இல்லை. பாதத்தில் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை.

2. அறுவை மருத்துவர் சலிஃபு மீது எனக்குக் குறை இல்லை. அவர் என்னிடம் சொன்னது: "ரத்தம் எதுவரைக்கும் வருதுன்னு தெரியாம விரலை மட்டும் எடுத்தா புண் ஆறாதும்மா. அப்புறம் துண்டு துண்டா வெட்டிக்கிட்டே போகணும். ஸ்கேன்ல கணுக்கால் வரைக்கும் ஓட்டம் தெரிஞ்சா விரலோட நிறுத்திக்கிறேன்." அடைப்பு இருந்தால் பெருநகரத்துக்கு அனுப்பிக் குழாயைத் திறக்க வழி உண்டு என்றும் கூறினார். வெள்ளிக்கிழமை அவர் மூன்று வாரப் பயிற்சிக்குச் செல்கிறார். அவர் திரும்பும்வரை காலை அப்படியே விட்டுவைக்க அவருக்குத் துணிவில்லை.

3. ஸ்கேன் கருவி பழுதின்றி இருக்கிறது. அதை இயக்கும் திரு. யாவ் டொங்கோர் திங்கட்கிழமை மட்டுமே இங்கு வருகிறார். திங்கட்கிழமையான இன்று அவரது நேரம் முழுவதும் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. புதன்கிழமை அவர் பணி எல்லைப்புற மருத்துவமனையில். "இயக்குநர் ஒரு வரி எழுதிக் கொடுத்தா புதன்கிழமை இங்கயே இருந்துடுவேன். உத்தரவு இல்லாம இருந்துட்டேன்னா என் வேலை போயிரும், அக்கா" என்றார்.

4. நோய் இவ்வளவு தூரம் வந்த காரணத்தையும் தாங்கள் அறிய வேண்டும். தலைவரின் வெறுங்கால் தரையில் படலாகாது என்பதும், செருப்பைக் கழற்றச் சொல்வது பதவியிலிருந்து இறக்குவதற்குச் சமம் என்பதும் தாங்கள் அறிந்ததே. நானா மாதந்தோறும் தவறாமல் சர்க்கரை நோய்ப் பிரிவுக்குச் சென்றார். இரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். பாதத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அப்பிரிவின் செவிலியர் செர்வா அழுதுகொண்டே சொன்னார்: "நானாவைப் பாத்து செருப்பைக் கழட்டுங்கன்னு சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?" பாதத்தில் உணர்ச்சி மரத்திருந்ததால் செருப்பு வார் அறுத்தது நானாவுக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்ட என் தாயார், நானாவின் தமக்கை, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆட்டுத்தோலை விரிச்சிருப்போமே. தோல்மேல வச்சா தரையில வச்சதாகுமா?" என்றார். ஊர்ப் பெரியவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். இப்போது நானாவின் கட்டிலடியில் தோல் கிடக்கிறது. சர்க்கரை நோய்ப் பிரிவிலும் ஒன்று போட்டுவைக்க ஆணையிட்டால், மற்ற ஊர்த் தலைவர்களும் பாதம் காட்டுவார்கள்.

5. உறுப்பு இழந்தவர் எங்கள் ஆசனத்தில் அமர முடியாது. செருப்புக்குள் மறையும் விரல்களைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். காலைப் பொறுக்க மாட்டார்கள். நானா இதைச் சிரித்தபடியே சொல்கிறார்: "கால் போனா நாற்காலியும் போச்சு. அப்புறம் என் வீட்டுக்கு மாத்திரை விக்கிறவன் மட்டும்தான் வருவான்." ஆனால் ஆசனத்துக்காக நான் தங்களிடம் வரவில்லை. கோகோ விவசாயி ஒருவருக்கு இந்த நிலை வந்தாலும் இதே ஸ்கேனைத்தான் கேட்பேன்.

ஆகவே, திரு. டொங்கோர் புதன்கிழமை அசுவோசோவில் பணியாற்ற எழுத்து மூலம் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவரை எல்லைப்புற மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லும் வாகனம் நாளை செவ்வாய் மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது. அறுவைக்கான சம்மதப் படிவத்தில் நானா இன்னும் கையெழுத்திடவில்லை. எந்த முடிவானாலும் புதன்கிழமை மாலை கையெழுத்திடுவதாக மருத்துவருக்கு வாக்களித்திருக்கிறார். விரல்களுக்கா, காலுக்கா என்ற இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது.

இடம்: அசுவோசோ
நாள்: 13.03.2023

தங்கள் உண்மையுள்ள,
எஃபியா அம்போன்சா