நீங்கள் சொல்லாத ஒரு வாக்கியம்

உஸ்தாத்,

இன்று காலை கூரியரில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. நீங்கள் ஆய்வுக்காகத் தங்கியிருந்த அந்தக் குளிர்நாட்டு நிறுவனம், அங்கே வந்து போன அரபுக் கலைஞர்களையும் அறிஞர்களையும் பற்றி வெளியிட்டிருக்கிறது. பிரித்ததும் புது மையின் வாசனை. நடுப்பக்கம் ஒன்றில் உங்கள் படம், சுற்றிலும் கறுப்புக் கோடு. கீழே பெரிய எழுத்தில், நீங்கள் சொன்னதாக: “என் கழுதைகள் சுமப்பது என் தம்பியின் சடலத்தை.”

நீங்கள் அப்படிச் சொன்னதே இல்லை. எழுதியது நான்.

வளைகுடாவில், நஜ்மா பகுதியில் இருந்த நம் டைப்பிங் சென்டரில் இரண்டே மேசைகள். அரபி விண்ணப்பம் என்றால் உங்களிடம், ஆங்கிலம் என்றால் என்னிடம். கூட்டம் குறைந்தால், அடிக்கும்போது கெட்டுப்போன படிவங்களின் பின்பக்கத்தில் கழுதை வரைவீர்கள். தும்மும் கழுதை, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் கழுதை, அழைப்பில்லாத கல்யாணத்தை எட்டிப் பார்க்கும் கழுதை. லீவு விண்ணப்பம் அடிக்க வந்த பரமக்குடிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எங்க ஃபோர்மேன்ல? அச்சு அசல் அவரேதான்ணே” என்றார். நான் உங்களுக்குச் சொன்னேன். முகம் மாறாமல் பதில் சொன்னீர்கள்: “இருக்காதுன்னு சொல்லு. இது யோசிச்சிட்டுத்தான் உதைக்கும்.”

பாதி அரபியும் பாதி இந்தியுமாக நாம் பேசியதை எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

அந்தக் குளிர்நாட்டுக்குப் போக நீங்கள் ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அங்குள்ள நூலகத்தில் பழைய அரபுக் கால்நடை மருத்துவச் சுவடி ஒன்று இருக்கிறது. அதில் கழுதைக்குத் தனி அத்தியாயம், படங்களோடு. அந்த நிறுவனத்துக்கான விண்ணப்பத்தில், ஆய்வின் நோக்கம் என்ற கட்டத்துக்கு நீங்கள் எனக்குச் சொன்னது இரண்டு வரி: “எனக்குக் கழுதை பிடிக்கும். அந்தக் காலத்து ஆட்கள் அதன் காதை எப்படி வரைந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.”

நான் சிரித்தேன். எந்தக் கட்டத்துக்கு என்ன பசி என்று, வருடக்கணக்கில் படிவம் நிரப்பியவனுக்குத் தெரியாதா? சிரியாவிலிருந்து வந்த மனிதர் கழுதைக் காது பார்க்கப் போகிறார் என்றால் எந்தக் குழு விமான டிக்கெட் எடுத்துத் தரும்?

ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, போரில் தம்பி போய்விட்டதை ஒரே வரியில் சொல்லி, “கலாஸ், முடிஞ்சது” என்று கோப்பையைக் கழுவ எழுந்து போனீர்கள். அந்த ஒரு வரியை நான் இரண்டு பக்கமாக்கினேன். இடப்பெயர்வு, காயம், மௌனத்தின் எடை என்று ஒரு குழுவுக்குப் பிடித்தது எதையும் விடவில்லை. உங்களுக்கு ஆங்கிலம் வராது.

“என்ன எழுதின?”

“காதப் பத்திதான் உஸ்தாத். கொஞ்சம் விரிவா.”

கையெழுத்துப் போட்டீர்கள். நீங்கள் தேர்வானதாக வந்த கடிதம் உங்கள் துணிச்சலைப் பாராட்டியது. காது பார்ப்பதில் என்ன துணிச்சல் என்று கேட்டீர்கள். அவர்கள் மரியாதையான ஆட்கள், எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன்.

போய் ஒரு மாதம் கழித்து அழைத்தீர்கள். சுவடியைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன்.

“மாஃபி, இல்ல. செவ்வாய்க்கிழமைதான் நூலகத்துல காட்டுவாங்க. செவ்வாய்க்கிழமைதான் இங்க கலந்துரையாடலும். நல்ல மனுஷங்க. சூப் குடுத்துட்டுத் தம்பியப் பத்திக் கேக்கறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நீதான் எழுதினியா?” என்றீர்கள்.

“ஆமா உஸ்தாத்.”

நீங்கள் திட்டியிருக்கலாம்.

“முதல் தடவ சொன்னப்ப பாதியில எழுந்து போயிட்டேன். இப்ப ஏழு தடவ சொல்லிட்டேன். நேத்து, எந்த இடத்துல நிறுத்தினா அழுவாங்கன்னு தெரிஞ்சு, அந்த இடத்துல நிறுத்தினேன். அதுதான் பயமா இருக்கு, சதீக்.” அப்போதும் என்னை நண்பன் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அடுத்த வாரம் அவர்கள் சமையலறையில் விழுந்துவிட்டீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். சுவடி அந்த நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. விசாரித்துவிட்டேன், செவ்வாய்தோறும் காட்டுகிறார்கள்.

மதியம் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: அச்சிட்டிருக்கும் வாக்கியம் அவருடையதல்ல, விண்ணப்பம் நிரப்பிய என்னுடையது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. என் துயரத்தில் பங்குகொள்கிறார்கள். அந்த வாக்கியம் வாசகர்களை மிகவும் தொட்டிருக்கிறது. அடுத்த பதிப்பில் தம்பிக்கு ஒரு நினைவுப் பக்கம் ஒதுக்க விரும்புகிறார்கள். பெயரை மட்டும் தெரிவித்தால் போதும்.

பதில் எழுத உட்கார்ந்தேன். உஸ்தாத், எனக்கு அவர் பெயர் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஓரிடத்தில்கூட அவர் பெயர் எனக்குத் தேவைப்படவில்லை.