சொலமத்தேனின் மூன்று மனைவிமார்

மொன்றியல்,
செவ்வாய் இரவு

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு,

இந்த நேரம் கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோவிக்காதே பிள்ளை, இங்கே இரவு ஒரு மணி, நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கிற ரெயூனியன் தீவில் காலை ஒன்பது ஆகியிருக்கும். நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நினைக்கிறேன், நீ அனுப்புகிற படங்களில் உன் முகத்தைவிடச் சாப்பாட்டுக் கோப்பைதான் பெரிதாகத் தெரிகிறது. அப்பா குளிருக்கு முன்னம் கார் டயர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார், மாற்றவில்லை. கீழ்வீட்டு ஜென்சி உன் சைக்கிளைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன், சண்டைக்கு வராதே. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம் என்று மூன்று தரம் தொடங்கினேன், பாதியில் சிரிப்பு, பிறகு அழுகை. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு திரிந்த எனக்காக, விரல் வைத்தாவது கடைசி வரை வாசி.

நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய கப்பல் பதிவேட்டைப் பற்றித்தான். நூற்றைம்பது வருசத்துக்கு முந்திக் காரைக்காலில் கப்பலேறி, ஐந்து வருச ஒப்பந்தத்தில் அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன பெண்களின் பட்டியல். அடுத்தடுத்து மூன்று பெண்களுக்குப் புருசன் பெயர் சொலமத்தேன் என்று பிரெஞ்சு எழுத்தில் இருக்கிறது, ஒரே ஆளுக்கு மூன்று மனைவிமார், பேராசிரியரே துள்ளிக் குதித்தார், வெள்ளிக்கிழமை மேடையில் இதைத்தான் பேசப் போகிறேன் என்றாய். “அம்மா, இது சொலமன் மாதிரி வேதக்காரப் பேரோ?” என்றும் கேட்டாய். எனக்கும் விளங்கவில்லை. நேற்று ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரன் மாதிரி மூக்கால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாலாம் தரம் மாக்கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அது பெயரே இல்லையடி. சொல்லமாட்டேன்! பதிவேடு எழுதின கிளாக்கர் உன் புருசன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறான், கட்டினவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் சொல்லமாட்டேன் என்றிருக்கிறாள், அவன் அதையே அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவளும் அதையே சொன்னாள், அவளுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். இவ்வளவு சுருக்காக மூன்று கலியாணம் செய்துவைத்த தரகர் நம்முடைய ஆட்களில்கூட இல்லை.

என்னைப் பார்த்தும் நீ சிரிக்கலாம், நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அப்பா ஸ்பொன்சர் செய்து நான் இங்கே வந்திறங்கிய அன்று, மொழிபெயர்ப்புக்கு வந்த அக்கா “உங்கட அவரின்ர பேர் என்ன தங்கச்சி?” என்று கேட்டா. கம்பஸில் இரண்டு வருசம் படித்தவளுக்கு வாய் திறபடவில்லை. பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அதிகாரி, இது கட்டாயக் கலியாணமோ என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டா. நான் பேனையை வாங்கி எழுதிக் காட்டித்தான் தப்பினேன்.

சிரித்து முடிந்த பிறகுதான் நீ வாசித்துச் சொன்ன மற்றக் கடதாசி, அந்தத் தீவு அதிகாரிகள் எழுதி வைத்த பழைய விசாரணைக் குறிப்பு, நினைவுக்கு வந்தது. அந்த மூவரில் ஒருத்தி செங்கமலம், கைக்குழந்தைக்காரி. புருசனை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள், என்னையும் அவரிடம் விடுங்கள் என்று அதிகாரியிடம் போய் நின்றாள், பொன்னன் என்று வாய் திறந்து பெயரையும் சொன்னாள். எத்தனை நாள் தன் மனதோடு மல்லுக்கட்டி அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள், யோசித்துப் பார். உன் பத்திரத்தில் சொலமத்தேன் என்றல்லவா இருக்கிறது, பொன்னன் உன் புருசன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள், வழியில் பிடிபட்டாள், தோட்டத்தை விட்டு ஓடினவள் என்று ஒரு மாதம் சிறையில் மறியல். அந்த மாதத்தையும் ஒப்பந்தத்தில் கூட்டி, திரும்பவும் அதே முதலாளியின் கரும்புக்குள் விட்டார்கள். நீயோ, கள்ளப் பெயர் கொடுத்துவிட்டு வேறொருவனோடு ஓடப் பார்த்த துணிச்சல்காரி என்று எழுதி வைத்திருக்கிறாய். துணிச்சல்காரிதான். ஆனால் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை வினோ. எனக்குப் பேனை பிடிக்கத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை, வேறு வித்தியாசம் இல்லை.

உன் பேச்சைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயத்தில்தான் நித்திரை வரவில்லை. பேராசிரியருக்கு மூன்று மனைவிமார் போனால் போகட்டும், அவளை இன்னொரு தரம் பொய்க்காரி ஆக்கிவிடாதே. எனக்கே ஒருக்கால் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அதனால் இன்று பின்னேரம் அடுப்படியில் நின்று “குலேந்திரன்!” என்று கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருசத்தில் நான் இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் கேட்டறியாத மனிசன், தேத்தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடி வந்து, “என்னப்பா, பொலிஸ் வந்திட்டுதோ?” என்றார். அதற்குப் பிறகு ஊற்றின தேத்தண்ணீரைத் தானே துடைத்தார், முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

எரிமலை பார்க்கத் தனியப் போகாதே, தலையை ஈரத்தோடு கட்டாதே. முருகன் உனக்கு நல்ல நாவையும் நல்ல புத்தியையும் தரட்டும். வெள்ளிக்கிழமை செங்கமலத்தின் புருசன் பெயர் பொன்னன் என்று மேடையில் சத்தமாகச் சொல். சொல்லுவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டும், வியாழக்கிழமைக்கு முன்னம் பதில் போடு.

அன்புடன் அம்மா,
யோகமலர் குலேந்திரன்