பெரில் படிக்க வேண்டிய வெள்ளிக்காசுகள்

நார்ஃபோக்,
செப்டம்பர் 19, வியாழன்

அன்புள்ள பெரிலுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழங்கால் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில், ஹோபார்ட்டில், நீயும் நம் மகள் டாம்சினும் பேரன் வில்ஃப்பும் நலம்தான், எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் போனில் பேரன்தான் திரையை அடைத்துக்கொண்டு எச்சில் வடிக்கிறான். அவன் வயிற்றைச் சுற்றி உன் கை மட்டும் தெரிகிறது. ஒரு கையோடு எவ்வளவு நேரம் பேசுவது?

ஹோவெல் பண்ணையில் கோதுமை அறுத்தாகிவிட்டது. அடுத்த விதைப்பு வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளுங்கள் என்று ஹோவெல் சொல்லிவிட்டார். முதல் நாளே வேலியோரம் வண்டியை நிறுத்தி, "எங்க உங்க வீட்டம்மா? நீங்க தனியா வந்தா குழிதான் மிஞ்சும்" என்று சிரித்தார். அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்றேன். மே மாதத்திலும் அவரிடம் இதையேதான் சொன்னேன். மனிதர் நல்லவர், மேற்கொண்டு கேட்கவில்லை.

நமக்குள் முப்பது வருஷமாக இருக்கும் ஏற்பாடு உனக்கே தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் பழங்காசைக் காட்டிக்கொடுக்கிற டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நான் நடப்பேன், அது கூவும் இடத்தில் தோண்டுவேன். நீ லென்ஸைக் கண்ணில் வைத்து, இது எந்த ராஜா, எந்த ஊரில் அடித்தது என்று படித்து, சின்னக் காகித உறையில் எழுதிப் போடுவாய். நீ போன ஜனவரியிலிருந்து முப்பத்தொரு வெள்ளிக்காசு சேர்ந்திருக்கிறது. எல்லாம் முட்டை அட்டையில் உனக்காகக் காத்துக் கிடக்கின்றன என்று வாராவாரம் சொல்லிவந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு கடைசியில், மாதாகோயில் பக்கத்து நிலத்தில் வில்லியம் மன்னர் காலத்து ஆறு பென்னிக் காசு ஒன்று கிடைத்தது. அழகான வெள்ளி. ஆனால் வளைந்து கிடந்தது. ஏர் பட்டு வளைந்திருக்கும் என்று நினைத்தேன். ஆண்டைப் படிக்கத் தோதாக இருக்கட்டுமென்று இரண்டு தோல் துண்டுக்கு நடுவே வைத்து, பட்டறைப் பிடியில் மெதுவாக இறுக்கினேன். மெதுவாகத்தான், பெரில். பட்டென்று இரண்டாகிவிட்டது. குரங்கு கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்.

பழங்காசு தேடுகிற நம் கிளப்பின் கூட்டத்துக்கு அந்த இரண்டு துண்டையும் கொண்டுபோனேன். பாரிதான் முதலில் பார்த்தான். "டேய் கிளைவ், ஏர் இடிச்சா ஒரு பக்கம்தான்டா வளையும். இதுல மடிப்புத் தழும்பு ரெண்டு இருக்கு, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இது ஒருத்தன் தான் விரும்புன பொண்ணுக்குக் குடுக்கறதுக்காக வளைச்சது. முன்னூறு வருஷம் மண்ணுல தாக்குப்பிடிச்சிருக்கு. நீ ஒரே சாயங்காலத்துல கதையை முடிச்சுட்ட" என்றான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தக் காலத்தில் பெண் அந்தக் காசை வைத்துக்கொண்டால் சம்மதம், வீசிவிட்டால் இல்லை என்று அர்த்தமாமே. உனக்கு இதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். என் கையைத் தட்டிவிட்டிருப்பாய்.

வீட்டுக்கு வந்தபிறகு அவமானத்தைவிட வேறொன்றுதான் குடைந்தது. விமானநிலையத்துக்குப் போகும்போது, "மூணு மாசம், அதுக்கு மேல ஒரு நாள் கூடாது" என்று நான் சொன்னதும் நீ வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாயே, அது ஞாபகம் வந்தது. ஏப்ரலில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று நீ எழுதினாய். நான் பதிலுக்குக் கூரைத் தகரம், பல் டாக்டர், உன் தக்காளிச் செடி என்று பட்டியல் போட்டு அனுப்பினேன். எதையும் எனக்கு ஏற்ற மாதிரி நிமிர்த்தப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. என்னை மன்னித்துவிடு.

இப்போது அந்த முட்டை அட்டை. மறுநாள் காலையே உன் லென்ஸையும் நீலக் குறிப்பேட்டையும் எடுத்துச் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காசின் பின்புறச் சிலுவை ஓரம் வரை நீண்டால் பிந்திய காலத்தது, எழுத்து வளையத்துக்குள்ளேயே நின்றால் முந்திய காலத்தது. எலிசபெத் ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜா இருக்கிறதா என்று பார். எல்லாம் உன் கையெழுத்தில் இருந்தது. முதல் ஐந்தும் தப்பு. ஆறாவது காசில், மீன் செதில் மாதிரி மெலிந்தது, அடித்த ஊர்ப் பெயரின் தேய்ந்த நாலு எழுத்தை மல்லுக்கட்டிக் கூட்டிப் படித்தேன். காண்டர்பரி! "பெரில், காண்டர்பரி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கெட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாளில் முப்பத்தொன்றையும் படித்து, உறை எழுதி, மியூசியத்துப் பெண்ணிடம் காட்டினேன். இரண்டை மட்டும் திருத்தினாள். "யார் சார் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள். என் மனைவி என்றேன். வெளியே வந்து வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆக, போன ஞாயிறு காசுகள் காத்திருக்கின்றன என்று நான் சொன்னது பொய். இங்கே உனக்கென்று ஒரு வேலையும் பாக்கியில்லை. கூரையையும் ஒழுகாமல் அடைத்துவிட்டேன். உன்னைக் கூப்பிட என்னிடம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று.

டாம்சின் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். "அம்மா இங்க நல்லா சிரிக்கறாங்கப்பா. விசாவை நீட்டிக்கலாமான்னு யோசிக்கறாங்க. உங்ககிட்ட சொல்லத் தயங்கறாங்க" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. நீ சிரிக்கும்போது பார்க்க முடியவில்லையே என்றுதான் இருந்தது.

வர விருப்பம் இருந்தால் வா. இல்லையென்றால் தயங்காமல் எழுது, நான் அங்கே வருகிறேன். அந்த மண்ணில் பழைய வெள்ளி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கிளப்பில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாஸ்போர்ட்டுக்கு நேற்றுத்தான் போட்டோ எடுத்தேன். திருடன் மாதிரி இருக்கிறேன்.

வில்ஃப்புக்கு என் முத்தங்கள். அவன் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அவனைக் கொஞ்ச நேரம் டாம்சின் மடியில் கொடுத்துவிட்டு, உன் முகத்தைக் காட்டு, பெரில்.

உன்,
கிளைவ்