போஸ்டரில் போட்ட வயது

ஆஸ்லோ
3.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். நீயும் அண்ணியும் மீனாவும் சுகம்தானே? ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் அண்ணி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார்கள். நீ ‘ம்’, ‘சரி’ என்று நழுவிவிடுகிறாய். அதனால்தான் உன் கடைக் கம்ப்யூட்டருக்கே இந்தக் கடிதம்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். என் ஆபீசில் நார்வேயையும் இந்தியாவையும் வைத்து ஒரு கணக்குப் பார்க்கிறோம். எழுபது வயதுக்குள் எத்தனை பேர் இறக்கிறார்கள், ஐம்பது வருஷத்தில் அது எப்படி மாறியது என்று. சர்க்கார் புள்ளிவிவரம் குவிந்து கிடக்கிறது, ஆனால் அதில் ஊரும் பேரும் கிடையாது. நீ கோரிப்பாளையத்தில் இத்தனை வருஷமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறாயே, எல்லாவற்றிலும் தோற்றம், மறைவு தேதி இருக்குமே. பழைய ஃபைலைப் பார்த்து வயதை மட்டும் எழுதி அனுப்பேன். ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. எனக்காகத்தான் கேட்கிறேன்.

நம் அப்பா போனது அறுபதில். இங்கே அதை எவ்வளவு சின்ன வயது என்கிறார்கள் தெரியுமா?

உன் தங்கை
நாகஜோதி

மதுரை
19.6.2025

அன்புத் தங்கச்சி ஜோதிக்கு,

அண்ணன் எழுதுவது. ஊரில் எல்லோரும் புடவை, பலகாரம் கேட்பார்கள். செத்தவர்கள் பட்டியல் கேட்ட முதல் ஆள் நீதான் தாயி!

உட்கார்ந்து எடுத்துவிட்டேன். 2009 முதல் 618 போஸ்டர். எழுபதைத் தாண்டாதவர்கள் 371 பேர். ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் போன ஆண்களை எண்ணும்போது எனக்கே கை ஓடவில்லை. ஒன்று கவனி, பச்சைக் குழந்தை செத்தால் எவரும் போஸ்டர் அடிப்பதில்லை. அதனால் அவர்கள் என் பட்டியலில் இல்லை.

இன்னொரு தப்பும் இருக்கிறது. அப்பாவுக்கு அறுபது இல்லை, ஐம்பத்திரண்டு. அன்றைக்கு நான் பதினாறு வயசுப் பையன், அச்சாபீஸில் வேலை. அப்பா போஸ்டருக்கு எழுத்துக் கோர்த்ததே நான்தான். அம்மா வந்து நின்றது. “அம்பத்தி ரெண்டுன்னு போட்டா, ஆயுசு கம்மியான வம்சம்னு பேசுவாய்ங்கடா. நாளைக்கு உன் தங்கச்சிய எவன் கட்டுவான்? அறுவதுன்னு போடு.” போட்டேன். உனக்கு ஒன்பது வயது. நீயும் அதையே நம்பிவிட்டாய்.

வருகிற தையில் எனக்கும் ஐம்பத்திரண்டு. ஆறு மாதமாகப் பாலம் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. நம்ம வம்சத்துக்கு அம்புட்டுத்தான் போல. மீனாவுக்கு ஒரு நல்ல இடம் பேசியிருக்கிறோம், ஆவணியில் நிச்சயம். அப்பனுக்கு நெஞ்சுவலி என்று தெரிந்தால் விலகிவிடுவார்கள். அதுவரை மூச்சு விடாதே. உன் அண்ணிக்கும் தெரியாது. போனில் கேட்டுத் தொலைக்காதே.

அன்புடன்
ஜெயபாண்டி

ஆஸ்லோ
19.6.2025

அண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் சொன்னது. ஆனால் அப்பா வயதைக் கேட்ட ஒவ்வொரு டாக்டரிடமும் நான் அறுபது என்றே சொல்லியிருக்கிறேன். நீயும் மீனாவுக்காக அதையே செய்கிறாயே!

வம்சமாம், வம்சம். இந்த நார்வேயில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஐம்பது வயது ஆண்கள் மாரடைப்பில் சடசடவென்று விழுந்தார்கள். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவருக்குத் தாத்தாவும் அப்பாவும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவருக்கு இப்போது எழுபத்தொன்று, சைக்கிளில் மலை ஏறுகிறார். ரத்தம் அதே ரத்தம்தான். பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை போட்டார்கள், சிகரெட்டை விட்டார்கள். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் குழந்தைகள் சாவது எவ்வளவோ குறைந்துவிட்டது. உன் வயது ஆட்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

இரண்டு நாட்டையும் மாறி மாறிப் பார்த்தேன், என் அண்ணனைப் பார்க்கவில்லை. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

என் சிநேகிதி மதுவந்தி கே.கே. நகரில் இதய டாக்டர். நாளைக்கே போ. போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் நானே அண்ணியிடம் சொல்வேன்.

ஜோதி

மதுரை
20.6.2025

நீ சொல்ல வேண்டாம் தாயே. நானே சொல்லிவிட்டேன். அரை மணி நேரமாகத் திட்டுகிறாள். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். போறோம்.

ஜெயபாண்டி

மதுரை
22.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேரில் இருந்த மாதிரி தினமும் விசாரித்தாய், ஸ்டென்ட் வைத்த விவரமெல்லாம் உனக்குத் தெரியும். போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

முதல் நாள் டாக்டரம்மா, “அப்பா எந்த வயசுல தவறுனாங்க?” என்று கேட்டது. “அம்பத்தி ரெண்டு” என்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். உன் அண்ணி தமிழ்வாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் அப்பாவுக்கு முப்பத்தைந்தாம் வருஷ நினைவு போஸ்டர் அடித்தேன். சரியான பிறந்த தேதியைப் போட்டு, நம்ம ஊர் கீழக்குயில்குடி பஸ் ஸ்டாப்பில் நானே ஒட்டினேன். நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று பயம்தான். ஆனாலும் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா நல்லகாமன் கடைக்கு வந்துவிட்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

“சம்மந்தி, போஸ்டர்ல அய்யா வயச மாத்தி அடிச்சிட்டீகளோ? அறுவதுன்னுல்ல கேள்விப்பட்டேன்.”

“இல்லண்ணே. முன்னாடி அடிச்சதுதான் தப்பு. எனக்கும் நெஞ்சுல அடைப்பு இருந்துச்சு. கே.கே. நகர் டாக்டரம்மாகிட்ட ஸ்டென்ட் வச்சிருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“மாடி ஏறுனா எனக்கும் பிடிக்குது. வீட்ல சொல்லல. நிச்சயம் முடியட்டும், உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீகன்னு இருந்தேன். அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு வருவாக?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது ஜோதி. அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை இன்னொரு டெஸ்ட். நிச்சயம் சொன்ன தேதியில் நடக்கும்.

உன் பட்டியலின் தலையில் ஒரு வரி சேர்த்துக்கொள்: 1990, வெள்ளைத்துரை, 52.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. ஸ்பீக்கரிலேயே பேசலாம்.

உன் அண்ணன்
ஜெயபாண்டி